பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி எழுதுவது எப்படி?

படம் முடிந்து எழுந்தவுடன் "எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால், "பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். எந்தப் படத்துக்கும் பொருந்திவிடும் என்பதுதான் அந்தப் பதிலின் குறை. நேரில் பேசும்போது மீதியைக் குரலும் முகமும் சொல்லிவிடும். எழுத்தில் அந்தத் துணை கிடைப்பதில்லை. ஆகவே, அண்மையில் பார்த்த படங்களைப் பற்றித் தம் கருத்தை எழுத விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியது, தம்மை அசைத்த அல்லது எரிச்சலூட்டிய ஒரே ஒரு காட்சியை.

அந்தக் காட்சியைப் படம் பார்த்த அன்றே இரண்டு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறர் எழுதியதைப் படிப்பதற்கு முன்பாகவே குறிப்பது மிகவும் நல்லது. நான்கு விமர்சனங்களைப் படித்த பிறகு, எது நமக்குத் தோன்றியது, எது அவர்கள் சொன்னது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். நினைவும் தன் பங்குக்கு விளையாடும். உளவியலாளர்கள் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டேனியல் கானமனும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு படத்துணுக்குகளைப் பார்த்தவர்கள் பின்னர் அவற்றை மதிப்பிட்டபோது, உணர்ச்சியின் உச்சமும் இறுதித் தருணமுமே பெரிதும் கணக்கில் வந்தன. துணுக்கு எவ்வளவு நேரம் ஓடியது என்பது ஏறக்குறைய மறந்தே போயிற்று. இரண்டு மணி நேரம் இழுத்தடித்த படத்தை ஒரு நல்ல கிளைமாக்ஸ் காப்பாற்றிவிடுவதும், அருமையாக நகர்ந்த படம் கடைசிப் பத்து நிமிடத்தில் கெட்டபெயர் வாங்குவதும் இதனால்தான் போலும். இடைவேளையில் என்ன நினைத்தீர்கள் என்பதையும் ஒரு சொல்லில் குறித்துவைத்தால் இந்தச் சாய்வு ஓரளவு குறையும்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் நோட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. ஒரு படத்தைப் பற்றி முதலில் "சென்டிமென்ட் அருமை" என்று எழுதியிருந்தேன். மறுநாள் படித்தபோது எனக்கே எதுவும் நினைவுக்கு வரவில்லை. சற்று யோசித்த பிறகு அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "மகளை வழியனுப்பிவிட்டு வந்த அப்பா, பழக்கத்தில் இரண்டு தட்டுகளை எடுக்கிறார்; ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார். பின்னணி இசை இல்லை. தட்டு மோதும் சத்தம் மட்டும்." இதில் "அருமை" என்ற சொல்லே இல்லை, ஆனால் எனக்குப் பிடித்ததும், ஏன் பிடித்தது என்பதும் படிப்பவருக்கு விளங்கிவிடும். பிடிக்காத படத்துக்கும் இதே முறைதான். "மொக்கை" என்று எழுதுவதில் தவறில்லை, ஆனால் எந்த இடத்தில் கை தானாகக் கைப்பேசியைத் தேடிப் போயிற்று என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நடிப்பைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானம் தேவை. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்துகாட்டிய புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு: உணர்ச்சி எதையும் காட்டாத ஒரே முகக் காட்சியை, ஒரு கிண்ணம் சூப்புடனும், சவப்பெட்டியில் கிடக்கும் சிறுமியுடனும், ஒரு பெண்ணுடனும் மாற்றி மாற்றி ஒட்டியபோது, அந்த நடிகர் பசியையும் துயரத்தையும் ஆசையையும் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார் என்று பார்த்தவர்கள் வியந்ததாகச் சொல்வார்கள். ஆகவே, "கண்ணாலேயே நடித்துவிட்டார்" என்று எழுதுமுன், அடுத்த ஷாட்டில் என்ன வந்தது என்று ஒருமுறை நினைத்துப்பாருங்கள். பாராட்டில் பாதி படத்தொகுப்பாளருக்குப் போகவேண்டியதாக இருக்கலாம்.

கதையை இரண்டு வாக்கியங்களுக்கு மேல் சொல்லத் தேவையில்லை. திருப்பத்தைத் தொடாமல் கருத்தைச் சொல்லவே முடியாது என்றால், அதற்கு முன்பே ஸ்பாய்லர் என்று எச்சரித்துவிட வேண்டும்.

எந்த நிலையில் பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். நள்ளிரவில், பாதித் தூக்கத்தில், மூன்று தவணையாகப் பார்த்த ஒரு படத்தை "இழுவை" என்று நான் தள்ளிவிட்டேன். பின்னர் அதையே ஒரே மூச்சில் பார்த்தபோதுதான், இழுத்தது படம் அல்ல, நான்தான் என்பது புரிந்தது.

மதிப்பெண் தருவது அவரவர் விருப்பம்; தருவதானால் உங்கள் மூன்று நட்சத்திரத்துக்கு என்ன பொருள் என்பதைச் சொல்லிவிடுங்கள். எண்கள் எளிதில் ஏமாற்றும். விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 விழுக்காடு என்றால் பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் படத்தைச் சாதகமாகப் பார்த்தார்கள் என்றுதான் பொருள். அந்த ஒன்பது பேருக்கும் படம் சுமாராகவே பிடித்திருந்தாலும் அந்த எண் மாறாது.

சில மாதங்கள் கழித்துக் கருத்து மாறினால், பழைய வரிகளைத் திருத்த வேண்டாம். அதன் கீழேயே தேதி போட்டுப் புதியதை எழுதுங்கள். என் நோட்டில் அந்த "இழுவை" இன்னும் அடிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது.