வளைவை மறைத்த நான்கு மாதம்

48 வயதில், விறைப்பின்போது ஆணுறுப்பு மேல்நோக்கி வளைய ஆரம்பித்தது. வலி வேறு. தோலுக்கு அடியில் பட்டாணி போல ஒரு கட்டி. புற்றுநோயோ என்று பயந்து மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. லேகியம், எண்ணெய் என்று பணம்தான் போனது.

சிறுநீரியல் டாக்டர் (யூராலஜிஸ்ட்) தொட்டுப் பார்த்ததும், "இது பெய்ரோனி நோய், புற்றுநோய் இல்லை" என்றார். விறைப்புத் திசுவைச் சுற்றியுள்ள உறையில் தழும்பு இறுகிவிடுகிறது. அந்தப் பக்கம் நீளாததால் அங்கேயே வளைகிறது. கோணம் பார்க்க, வீட்டிலேயே விறைப்பு நிலையில் போட்டோ எடுத்து வரச் சொன்னார். கூச்சப்படாதீர்கள், அது அவசியம்.

வளைவு நிலைபெறும்வரை அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார். வலி மெல்ல அடங்கியது. அப்புறம் ஆறு மாதம் தினமும், ஆணுறுப்பை மெல்ல இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கருவி. வளைவு முழுசாகப் போகவில்லை. உறவுக்கு இப்போது தடையில்லை.