வேலூர் வெயிலுக்குத் தாங்கும் மதியச் சாப்பாடு

காலை ஏழரைக்கு மூடிய டப்பாவைப் பிள்ளை திறப்பது பன்னிரண்டரைக்கு. வேலூரில் ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அந்த ஐந்து மணி நேரத்தைத் தாங்காத சாப்பாட்டில் எவ்வளவு சத்து இருந்தும் பயனில்லை. அதனால் முதலில் கட்டும் முறை.

சோறு ஒன்று கொதிக்கக் கொதிக்கப் போய்ச் சூடாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக ஆறி, உதிரியாகப் போக வேண்டும். நடுவில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோறுதான் கெடுகிறது. கிருமி பெருகுவது அந்தச் சூட்டில்தான்.

சாம்பார் சாதம், பருப்பு சாதம், கீரை சாதம் எல்லாவற்றுக்கும் சூடு தாங்கும் ஃபிளாஸ்க் டப்பா வேண்டும். கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்துக் கொட்டுங்கள். ஆவி பறக்கும் சாதத்தை வாய் வரை நிரப்பி உடனே மூடுங்கள். பாதி டப்பா காலியாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். சாதம் வழக்கத்தைவிடத் தளர இருக்கட்டும், மதியத்துக்குள் இறுகிவிடும்.

எலுமிச்சை, புளி சாதத்துக்குச் சாதாரண எவர்சில்வர் டப்பா போதும், புளிப்பே ஓரளவு காக்கும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ஃபேனுக்கு அடியில் 15 நிமிடம் ஆறவிட்டுக் கலக்குங்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகிச் சோற்றில் சொட்டும். நசநசப்பும் வாடையும் அதனால் வருபவை. அரிசிக்குப் பதில் ஜவ்வாது மலைச் சாமையிலும் இதைச் செய்யலாம்: 1 கப் சாமைக்கு 2 கப் தண்ணீர்.

தயிர் சாதத்துக்கு 1 கப் குழைந்த சோறு, முக்கால் கப் காய்ச்சி ஆறிய பால், 1 ஸ்பூன் தயிர். தயிரைக் கூட்டினால் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் புளித்துவிடும்.

தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசாலா, அவித்த முட்டை மூன்றும் வெயில் காலத்தில் டப்பாவுக்கு வேண்டாம். இட்லிக்கு எள்ளுப்பொடி தடவுங்கள். முட்டையைக் காலையில் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு வெந்த சோறு 1 கப், பருப்போ பயறோ அரை கப், காய் அரை கப். பல டப்பாக்களில் சோறு இரண்டு பங்கும் காய் ஒரு ஸ்பூனுமாக இருக்கிறது. மாற்ற வேண்டியது இதைத்தான். 7 முதல் 9 வயது வரை நாளுக்குச் சுமார் 23 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், நம் பக்கத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஒரு கைப்பிடியில் (30 கிராம்) ஏறக்குறைய 7 கிராம். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலை தொண்டையில் சிக்கும், பொடித்துச் சோற்றில் கலந்து கொடுங்கள்.

இடைவேளைக்குக் கேழ்வரகு அடை. ஒரே எடை பாலில் உள்ளதைப்போல் சுமார் மூன்று மடங்கு கால்சியம் கேழ்வரகில் உண்டு. 1 கப் மாவு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, நறுக்கிய சின்ன வெங்காயம், உப்பு சேர்த்துக் கொதிநீர் விட்டுப் பிசைந்து 10 நிமிடம் மூடி வையுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போது விண்டுபோகும், மதியம் வறட்டியாகிவிடும். மிதமான தீயில் இருபுறமும் சுட்டு, பருத்தித் துணியில் சுற்றி, ஆறியபின் டப்பாவில் வையுங்கள். கூடவே ஒரு கொய்யாத் துண்டு; அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. காலையில் டீ கொடுக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

பிள்ளைகள் அதிகம் ஒதுக்குவது கத்தரிக்காயை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக்கத்தரி ஆனாலும், கொழகொழவென்று இருந்தால் தொடமாட்டார்கள். சின்னதாக நறுக்கி, மூடாமல் எண்ணெயில் சுருள வதக்கி, ஒரே ஒரு ஸ்பூன் வையுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, நான்கு நாள் கழித்து மறுபடி வையுங்கள். ஒரு காய் பழக எட்டு, பத்து தடவைகூட ஆகும். அடித்து ஊட்டினாலும், சாப்பிட்டால் சாக்லேட் என்று ஆசை காட்டினாலும் அந்தக் காய் மேல் வெறுப்புதான் வளரும். மிச்சம் வந்தால் திட்டாமல், பிடிக்கவில்லையா, நேரம் போதவில்லையா என்று கேளுங்கள்.

நேரமும் மூடியும்தான் பல சமயம் காரணம். புது டப்பா வாங்கினால் சனிக்கிழமை வீட்டில் அதையே கொடுத்து, 15 நிமிடத்தில் தானே திறந்து முடிக்கிறதா என்று பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பழைய சாம்பார் வாடை தங்குவது அதற்குள்தான்.