பச்சோந்திக்கு வாய்வழி மருந்து: ஒரு சொட்டில் நேரும் தவறுகள்

வீடுகளில் வளர்க்கும் வெளிநாட்டு வகையான வெய்ல்டு பச்சோந்தி வளர்ந்தபின் அதன் எடை பெரும்பாலும் 90 முதல் 180 கிராம் வரை இருக்கும். பேந்தர் என்ற இன்னொரு வகையும் ஏறக்குறைய அதே அளவுதான், பெண் இன்னும் சிறிது. இந்த உடம்புக்கு மருத்துவர் எழுதித் தரும் ஒரு வேளை மருந்து பல நேரம் ஒரு சொட்டு அல்லது இரண்டு சொட்டுதான். ஆட்டுக்கும் நாய்க்கும் மருந்து புகட்டிப் பழகிய வீடுகள் நம் குமரி மாவட்டத்தில் ஏராளம். அந்தக் கைப்பழக்கம் பச்சோந்தியிடம் உதவாது. ஆட்டுக்கு அரை மில்லி கூடிப்போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பச்சோந்திக்கு அரை மில்லி என்பது பத்து வேளை மருந்தாக இருக்கலாம். மருந்து மூச்சுக்குழலுக்குள் போனால் நாய் இருமித் தள்ளிவிடும். ஊர்வனவற்றுக்கு நம்மைப் போன்ற உதரவிதானத் தசை கிடையாது, பலமாக இரும முடியாது. உள்ளே போனது உள்ளேயே கிடந்து நிமோனியா ஆகும்.

அளவும் மூச்சும்தான் முக்கியம். மற்றத் தவறுகளில் பலவற்றைத் திருத்திக்கொள்ளலாம், இவ்விரண்டில் பிசகினால் திருத்த அவகாசம் கிடைக்காது.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேலியிலும் முருங்கையிலும் தென்படும் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்ட உயிர். அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். அடிபட்டுக் கிடந்தால் வீட்டில் வைத்து மருந்து ஊற்றாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெய்ல்டு, பேந்தர் போன்ற வெளிநாட்டு வகைகள் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி அவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகிதம் சரியாக இல்லை என்ற பயத்தில் மருத்துவரிடம் போகாமல், மெடிக்கலில் கேட்டு மருந்து வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. பின்னால் வரும் தவறுகள் எல்லாம் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. பதிவை முடித்துவிடுங்கள், பயமில்லாமல் மருத்துவரைப் பார்க்கலாம்.

அளவில் நேரும் தவறுகள்

முதல் தவறு, எடை பார்க்காமல் மருந்து கொடுப்பது. போன மாதம் 120 கிராம் இருந்தது என்று சொல்லி வாங்கி வருகிறார்கள். சாப்பிடாமல் கிடந்த பச்சோந்தி இரண்டு வாரத்தில் நன்றாகவே இளைத்துப் போயிருக்கும். முட்டை சுமக்கும் பெண்ணுக்கு எடை கூடியிருக்கும். கடைத் தராசில் 5 கிராமுக்கு ஒரு கோடு என்றால் 40 கிராம் குட்டிக்கு அது போதாது. ஒரு கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வேண்டும், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சின்னத் தராசு இன்னும் நல்லது. தராசின் மேல் ஒரு கிளைக்குச்சியை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, பச்சோந்தியை அதில் ஏற விடுங்கள். குச்சியைப் பிடித்துக்கொண்டால் அசையாமல் நிற்கும். காலையில் சாப்பிடும் முன், தினமும் ஒரே நேரத்தில் எடுத்துக் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, மருந்தின் செறிவைப் பார்க்காமல் மில்லியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது. கிருமிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் சிரப் 5 மில்லியில் 100 மி.கி., 5 மில்லியில் 200 மி.கி. என்று வெவ்வேறு செறிவில் வருகிறது. கணக்குப் புரிவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: மருத்துவர் கிலோவுக்கு 20 மி.கி. என்கிறார், பச்சோந்தி 110 கிராம். தேவை 2.2 மி.கி. ஐந்து மில்லியில் 200 என்றால் ஒரு மில்லியில் 40 மி.கி., ஆக அளவு 0.055 மில்லி. ஐந்து மில்லியில் 100 உள்ள புட்டியானால் 0.11 மில்லி. முதல் புட்டி தீர்ந்து, மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ இன்னொரு கடையில் வாங்கும் புட்டியின் செறிவு மாறியிருந்தால் மருந்து பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். புள்ளி ஓர் இடம் தள்ளி 0.55 என்று படித்துவிட்டால் பத்து மடங்கு. சீட்டு வாங்கும்போதே எத்தனை மி.கி., எந்தச் செறிவு, எத்தனை மில்லி என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

0.055 மில்லியைச் சிரிஞ்சில் சரியாக அளப்பது யாருக்கும் கஷ்டம். சிரிஞ்சின் மூக்கில் தங்கும் மருந்தே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அதனால் அளவு 0.1 மில்லிக்குக் கீழே வந்தால், மருந்தை நீர்த்துத் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நான்கில் ஒரு பங்காக நீர்த்தால் 0.055 மில்லி 0.22 மில்லியாகும், கோடு பார்த்து எடுக்கலாம். எதில் நீர்ப்பது, எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். வீட்டில் குத்துமதிப்பாகத் தண்ணீர் கலக்க வேண்டாம்.

மூன்றாவது, இன்சுலின் சிரிஞ்ச். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இதுதான் முதலில் கைக்கு வரும். நம் கடைகளில் யு-40, யு-100 என இரண்டு வகை கிடைக்கிறது. யு-40-இல் ஒரு யூனிட் (ஒரு கோடு) 0.025 மில்லி, யு-100-இல் ஒரு யூனிட் 0.01 மில்லி. 0.05 மில்லிக்கு ‘அஞ்சு கோடு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு யு-40-இல் ஐந்து யூனிட் எடுத்தால் 0.125 மில்லி வந்துவிடும், இரண்டரை மடங்கு. தவிர, பல இன்சுலின் சிரிஞ்சுகளில் ஊசியைக் கழற்றவே முடியாது. வெட்டினால் கூரான முனை மிஞ்சும். 0.01 மில்லிக்கு ஒரு கோடு போட்ட, ஊசி கழலும் ஒரு மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். ஊசியைக் கழற்றிக் குப்பையில் போட்ட பிறகே பச்சோந்தியின் அருகே கொண்டுபோங்கள். புதுச் சிரிஞ்சில் தண்டு முதலில் ஒட்டிக்கொண்டு பிறகு திடீரென்று பாயும். மருந்து எடுக்கும் முன் இரண்டு தடவை வெறுமனே இழுத்துத் தள்ளிப் பழக்குங்கள். கலங்கலான மருந்தாக இருந்தால் ஒவ்வொரு வேளையும் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். இல்லையென்றால் முதல் வாரம் தெளிந்த நீரும் கடைசி வாரம் அடிமண்டியும்தான் உள்ளே போகும்.

வாயில் நேரும் தவறுகள்

வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடியில், வாய்த்தரையின் நடுவே ஒரு சின்னப் பிளவு தெரியும். மூச்சு விடும்போது திறந்து மூடும். அதுதான் மூச்சுத்துளை. நாய்க்குத் தொண்டையின் ஆழத்தில் இருப்பது இதற்கு வாய்க்குள்ளேயே இருக்கிறது. நேராக நடுவில் பீய்ச்சினால் மருந்து அதற்குள் போக நல்ல வாய்ப்பு. ஆகவே வாயின் ஓரமாக, கன்னப் பக்கம் சாய்த்து, ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். தொண்டை அசைந்து விழுங்குவதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. 0.2 மில்லி நான்கு சொட்டுதான். அவசரப்பட அதில் ஒன்றுமில்லை.

மல்லாக்கப் போட்டுக் கொடுப்பதும் தலையை அண்ணாத்திப் பிடிப்பதும் பெரிய தவறு. பச்சோந்தி தன் இயல்பான நிலையில் குச்சியையோ உங்கள் கையையோ பற்றியிருக்க வேண்டும், தலை உடம்பைவிடச் சற்றே உயர்ந்திருந்தால் போதும். மேலிருந்து கையைக் கொண்டுபோய் அமுக்கிப் பிடிப்பது பருந்து வருவதுபோல அதை நடுங்க வைக்கும். வயிற்றுக்குக் கீழே கையை நீட்டித் தானாக ஏற விடுங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் மருந்து விட, இரண்டு பேர் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முடியவில்லை, உடம்பு கறுத்துச் சீறிக்கொண்டே இருக்கிறது என்றால் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

வாயைத் திறக்க வைப்பதில்தான் காயங்கள் அதிகம். முதல் வழி எதையும் திறக்காமலே கொடுப்பது: தண்ணீர்ச் சொட்டை நக்கிக் குடித்துக்கொண்டிருக்கும்போது உதட்டு நுனியில் மருந்துச் சொட்டை வையுங்கள், கசப்பில்லாத மருந்தானால் அதையும் சேர்த்து நக்கிவிடும். இரண்டாவது வழி, சீண்டினால் அதுவே வாயைப் பிளந்து மிரட்டும் குணத்தைப் பயன்படுத்துவது. ஓரத்தில் ஒரு சொட்டு விட அந்த ஒரு நொடி போதும். மூன்றாவது, தாடைக்குக் கீழே தொங்கும் தோலைப் பஞ்சு பிடிப்பதுபோல மெல்லக் கீழே இழுப்பது.

இதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். கால்சியமும் யுவிபி என்ற புற ஊதா வெளிச்சமும் குறைந்து எலும்பு மெலிந்த பச்சோந்தியின் தாடை ரப்பர் போல வளையும், இழுத்தால் முறியும். கரண்டிக் காம்பு, இடுக்கி, சாவி போன்ற இரும்பை உள்ளே நுழைக்கவே கூடாது. பச்சோந்தியின் பல் தாடை எலும்போடு ஒட்டி வளர்ந்தது, உடைந்தால் மறுபடி முளைக்காது. உடைந்த இடத்தில் கிருமி புகுந்தால் எலும்புக்கே சீழ் போகும். கட்டாயம் ஏதாவது வைத்தாக வேண்டுமென்றால் ஓரம் மழுங்கிய மெல்லிய ரப்பர் துண்டு போதும். நாக்கை விரலால் அழுத்துவதும் பிடித்து இழுப்பதும் வேண்டாம். உடம்பு நீளத்தையும் தாண்டிப் பாயும் அந்த நாக்கு ஒரு மெல்லிய எலும்பின் மேல் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. அது பழுதானால் பூச்சியைப் பிடிக்கவே முடியாது.

துப்பிவிட்டால்? எவ்வளவு போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று தெரியாத நிலையில் மறுபடி முழு அளவு கொடுக்காதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள், அல்லது அடுத்த வேளை வரை பொறுங்கள்.

நேரமும் சூடும்

வேலை முடிந்து வந்து இரவு 9 மணிக்கு, தூங்கும் பச்சோந்தியை எழுப்பி மருந்து கொடுப்பது பலர் செய்யும் தவறு. ஊர்வனவற்றின் செரிமானமும் மருந்தை உடம்பு ஏற்பதும் கழிப்பதும் உடல் வெப்பத்தைப் பொறுத்தவை. குளிர்ந்த உடம்பில் மருந்து வயிற்றிலேயே தேங்கும். காலையில் விளக்கடியில் ஒரு மணி நேரமாவது காய்ந்த பிறகு, 9 அல்லது 10 மணிக்குக் கொடுப்பது நல்லது. வெய்ல்டுக்குக் காயும் இடம் 30 முதல் 35 டிகிரி வரை இருக்கட்டும்.

குமரியில் இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் கரண்ட் போய் விளக்கு அணைந்தால் கூண்டு குளிர்ந்துவிடும். அன்று மருந்து நேரத்தைத் தள்ளிப் போடலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்களுக்குப் போல ‘காலை, மாலை’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஊர்வனவற்றுக்குப் பல மருந்துகள் 24, 48, 72 மணி நேரத்துக்கு ஒரு முறைதான். காலண்டரில் கட்டம் போட்டு, கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால் வீட்டில் இரண்டு பேர் இரண்டு தடவை கொடுக்கும் விபத்து நேராது.

ஃப்ரிட்ஜில் வைத்த மருந்தை அப்படியே விடாமல், அளந்து எடுத்த சிரிஞ்சைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்குங்கள். வெந்நீரில் போட வேண்டாம்.

எதோடு கலக்கிறீர்கள்

பூச்சிக்குள் மருந்தை ஏற்றிக் கொடுப்பது நல்ல வழிதான், பச்சோந்தி சாப்பிடும் நிலையில் இருந்தால். சூப்பர்வோர்ம் என்ற தீவனப் புழு போன்ற தடித்த பூச்சியில் ஏற்றி உடனே ஊட்ட வேண்டும். கூண்டில் விட்டுவிட்டுப் போனால் மருந்து வழிந்துவிடும், யார் தின்றது என்றும் தெரியாது. அந்தப் பூச்சியில் வழக்கம்போலக் கால்சியம் பொடி தூவாதீர்கள். என்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் கால்சியத்தோடு பிணைந்துவிடும், உடம்பில் ஏறாது. கால்சியம் எத்தனை மணி நேர இடைவெளியில் என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

குடற்புழு மருந்து நடக்கும் காலத்தில் வாழைத் தோட்டத்திலும் வயலிலும் பிடித்த வெட்டுக்கிளியைப் போடக் கூடாது. பூச்சிமருந்து இருக்கலாம், புழுவும் திரும்ப வரும். எச்சத்தைத் தினமும் எடுத்துப் போடாவிட்டால் மருந்து கொடுத்தும் பலனில்லை. ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஆடு மாட்டுக்கு வாங்கி வைத்தது வீட்டில் இருக்கிறதென்று அதைத் தொடாதீர்கள். ஆமைகளுக்கு அது நஞ்சு. பச்சோந்திக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

கசப்பை மறைக்கத் தேங்காய் எண்ணெயில் குழைப்பதும் வேண்டாம். எண்ணெய் சத்தமில்லாமல் மூச்சுத்துளைக்குள் வழுக்கிப் போகும், நுரையீரலில் போனால் வெளியே வராது. கடற்கரை ஊர்களில் கண் வீங்கிய பச்சோந்திக்கு ‘வைட்டமின் ஏ குறைவு’ என்று சுறா ஈரல் எண்ணெய் விடச் சிலர் சொல்வார்கள். அந்த எண்ணெயில் எவ்வளவு வைட்டமின் ஏ இருக்கிறது என்று அளக்க வீட்டில் வழியில்லை. அது கொழுப்பில் தங்கும் சத்து. மிஞ்சினால் தோல் உரிந்து புண்ணாகும், ஈரலும் கெடும்.

நீர் வற்றிய உடம்பில் மருந்து ஏற்றுவது சிறுநீரகத்துக்குச் சுமை. கண் உள்ளே குழிந்திருக்கிறதா, எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் மருந்துக்கு முன் நீர்ச்சத்தைச் சரிசெய்வது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கொடுத்த பிறகு

அடுத்த ஒரு மணி நேரம் தொடாமல், தூர நின்று கவனியுங்கள். மூக்கிலோ வாயிலோ நுரைக்குமிழ், மூச்சு விடும்போது ‘டிக் டிக்’ சத்தம், வாயைத் திறந்தபடி மூக்கை மேலே தூக்கி நிற்பது, இவற்றில் எது வந்தாலும் மருந்து மூச்சுக்குழலுக்குள் போயிருக்கலாம். தலைகீழாகப் பிடித்து உலுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். குச்சியில் நிமிர்ந்து நிற்க விட்டு, அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இந்த அறிகுறி இரண்டு மூன்று நாள் கழித்தும் வரும், அதனால் மருந்து முடியும் வரை தினமும் மூச்சுச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. நாகர்கோவில் கால்நடை மருத்துவரிடம் முதலில் கேட்டு, தேவையானால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். போகும்போது காற்றுத்துளை போட்ட மூடிய பெட்டியில் பற்றிக்கொள்ள ஒரு குச்சியைக் குறுக்கே இறுக்கிக் கட்டி, மேலே துணி போட்டு இருட்டாக்குங்கள். காரில் ஏசி காற்று நேராகப் படக் கூடாது. மருந்துப் புட்டி, பயன்படுத்திய சிரிஞ்ச், எடை எழுதிய தாள், அன்றைய எச்சம் ஒரு சின்ன டப்பாவில், இந்த நான்கும் கூடவே போகட்டும்.