சனிக்கிழமை குதிரை, ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப்: வன்னியில இருந்து லண்டன் போற பிள்ளையளுக்கு

லீவில பரந்தன் வந்து நிக்கிறன், பக்கத்து வீட்டுத் தங்கச்சி செப்டெம்பரில படிக்கப் போறா, பாங்க், வீடு, பஸ் காட் எல்லாம் கேட்டா, அதுக்கெல்லாம் சொல்ல ஆள் இருக்கு, ஆனா நான் போன புதுசில ஒருத்தரும் சொல்லித்தராத ஒண்டு இருக்கு, அங்கத்தைய ஆக்களோட கதை தொடங்க உதவுற டிவி விளையாட்டு, அதத்தான் எழுதுறன்.

வயசானாக்களைப் பாக்கிற கெயார் ஹோமில பார்ட் டைம் வேலை கிடைச்சா சனி மத்தியானம் ஹோலில ஐடிவி சனல் ஓடும், குதிரை ஓட்டம். நான் பாத்த ஐயா ஒராள் பேப்பரை மடியில விரிச்சு கட்டைப் பென்சிலால குதிரைப் பேரைச் சுத்தி வட்டம் போட்டிட்டு என்னையும் ஒண்டு சொல்லச் சொல்லுவார். மூண்டு மாதம் சும்மா தலையாட்டினன். பிறகு ஒருநாள், குதிரையில ஏறி ஓட்டுற ஜொக்கி போட்டிருக்கிற சட்டை நிறம் அவன்ர இல்ல, குதிரைச் சொந்தக்காரன்ர எண்டு சொல்லித்தந்தார், அண்டையில இருந்துதான் எங்களுக்குள்ள கதை வந்தது. சவாரித் திடல் வேலியில ஏறி நிண்டு மாட்டுச் சோடி ஓடுறதைப் பாத்து வளந்த எங்களுக்கு இது விளங்காமல் போகாது. தூரம் ஃபர்லாங்கில சொல்லுவினம், ஒண்டு 200 மீட்டர் மட்டில, எட்டுச் சேந்தா ஒரு மைல். ஏப்ரலில லிவர்பூல் ஏய்ன்ட்ரீயில கிராண்ட் நஷனல் எண்ட பெரிய ஓட்டம், 34 குதிரை வரைக்கும் ஓடும், 30 தடை பாயவேணும், கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். 2021 இல அதை ரேச்சல் பிளாக்மோர் எண்ட ஜொக்கி வெண்டவ, அதுக்கு முதல் எந்தப் பொம்பிளையும் வெண்டதில்ல, ஐயா அதைச் சொல்லேக்க கண் கலங்குவார். ஜூனில எப்சம் டேர்பி எண்ட ஓட்டம், அதில தடை இல்ல.

ஞாயிறு எண்டா கோல்ஃப், அதில பந்தைக் குறையத் தட்டிக் குழியில விழுத்தினவன்தான் முன்னுக்கு, ஸ்கிரீனில மைனஸ் 12 எண்டு கிடந்தா வழக்கமான கணக்கை விட 12 தட்டுக் குறைவு, அவன் நல்லா விளையாடுறான். வியாழன் தொடக்கம் ஞாயிறு மட்டும் 72 குழி, ரெண்டு நாள் முடிய பின்னுக்கு நிக்கிறாக்கள் வீட்ட போவினம். ஜூலையில ஓப்பன் எண்ட பெரிய கோல்ஃப் போட்டி, 1860 இல தொடங்கினது, கடற்கரை மண்ணில நடக்கும். முல்லைத்தீவுக் கரையில காத்துக்கை பந்தடிச்ச பெடியளுக்கு அந்தக் கஷ்டம் உடன விளங்கும். ஸ்கை எண்ட சனலில காசு கட்டித்தான் லைவா பாக்கலாம், அதுக்கெண்டு எடுக்காதேங்கோ.

வீட்டில லைவ் டிவி பாத்தா, ஃபோனில எண்டாலும், காசு கட்டி எடுக்கிற டிவி லைசென்ஸ் வேணும். சேந்து ஒரே ஒப்பந்தத்தில வீடு எடுத்தா ஒண்டு காணும், அறைக்கு அறை தனி ஒப்பந்தம் எண்டா உங்கட அறைக்கு உங்கட பேரில எடுக்கவேண்டி வரும்.

இனி முக்கியமானது. பந்தயம் வேண்டாம். என்னோட அறையில இருந்த பெடியன் 5 பவுண்ஸ் போட்டு வெண்டான், ஆறு மாதத்தில வாடகைக் காசும் போயிட்டுது, தாய் இஞ்ச தருமபுரத்தில கடைக் கொப்பியில கடன் எழுதிக்கொண்டு இருந்தவ. கை இழுக்குது எண்டு கண்டா பாங்க் அப்பில பந்தயக் காசை மறிக்க வழி இருக்கு, ஒன்லைனுக்கு பந்தயத் தளங்களில உங்களை மறிக்கிற காம்ஸ்டொப்பில (GAMSTOP) பேரைப் பதியுங்கோ, அண்டைக்கே.

ஐயாவோட நான் ஒரு சதம் போட்டதில்ல. நிறத்தைப் பாத்து ஒரு குதிரை சொல்லுவன், அவர் வட்டம் போடுவார், ரெண்டுபேரும் கத்துவம், பிறகு தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன்.