மார்கழி சீசனில் ஒரே பாடகரைப் பின்தொடர்ந்து கேட்பது எப்படி?

டிசம்பர் பிறந்தால் போதும், சென்னையின் கர்நாடக இசை சீசனுக்கு வரும் வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்பது "எந்த சபாவுக்குப் போகலாம்?" என்றுதான். சபா என்பது கச்சேரி நடத்தும் அமைப்பு. முதலில் பாடகரைத் தேர்ந்தெடுங்கள், சபா தானாக அமையும் என்பேன். ஒரே ஒருவர். சீசன் முழுக்க அவர் பாடும் இடத்துக்கெல்லாம் போங்கள். நானும் ஆரம்பத்தில் ஒரே நாளில் மூன்று சபா ஏறி இறங்கினேன், பத்து நாளில் இருபது பேரைக் கேட்டேன், ஜனவரியில் யோசித்தால் யார் எதைப் பாடினார்கள் என்றே நினைவில்லை. அடுத்த வருஷம் ஒருவரை மட்டும் ஐந்து கச்சேரி கேட்டேன், எனக்குக் காது திறந்தது அப்போதுதான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? புகழைப் பார்க்க வேண்டாம், குரலைப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து நான்கைந்து பேரின் ஆலாபனையை (பாட்டு வரியில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) மட்டும் பத்து நிமிடம் கேளுங்கள், சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், வேண்டாம். பாம்பே ஜெயஸ்ரீயின் நிதானமும் தாழ்ந்த குரலும் சிலரைக் கட்டிப்போடும். அபிஷேக் ரகுராம் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாத தவிப்பு சிலருக்குப் பிடிக்கும். தாளமில்லாமல் பாடும் விருத்தமும் மராத்தி பக்திப் பாட்டான அபங்கமும் கேட்டு உருகுகிறவர்கள் ரஞ்சனி-காயத்ரி சகோதரிகளிடம் போவார்கள். எந்தக் குரலை மறுநாள் காலையும் கேட்கத் தோன்றுகிறதோ அதுதான் உங்களுக்கானது.

அடுத்தது அட்டவணை. நவம்பர் கடைசியிலேயே சபாக்களின் இணையதளங்களிலும் நாளிதழ்களிலும் பட்டியல் வர ஆரம்பித்துவிடும். உங்கள் பாடகரின் தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருக்கின்றன, கிருஷ்ண கான சபாவும் வாணி மஹாலும் தி.நகரில், 1900-இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபாவின் வேர் திருவல்லிக்கேணியில். தமிழ்ப் பாட்டே முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. (டிசம்பரில் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது, அதிலிருந்துதான் 1928-இல் அகாடமி பிறந்தது.)

சீட்டு விஷயத்தில் பயப்பட வேண்டாம். மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், இளையவர்கள் பாடுவார்கள். சாயங்காலம் பெரியவர்கள் வரும்போதுதான் சீட்டு, அதிலும் முன்வரிசைகள் பெரும்பாலும் சீசன் சீட்டுக்காரர்களுக்குப் போய்விடும். மிச்சம் இருப்பதில் விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போவது அவமானமே இல்லை, சில அரங்குகளில் மேலேதான் எல்லா வாத்தியமும் சமமாகக் கேட்கும். கீழே என்றால் நடுவரிசை. மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்தால் மிருதங்கம் நேராக வந்து மோதும், ஓரத்தில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தலைவலிதான். ஏ.சி. குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உட்கார்ந்தாயிற்று. இனி என்ன கேட்பது? இன்றைக்கு நாம் கேட்கும் கச்சேரிக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். தொடக்கப் பாட்டான வர்ணத்தில் குரல் சூடேறும், அப்புறம் ஒன்றிரண்டு சின்னக் கீர்த்தனைகள், பிறகு ஆலாபனையோடு ஒன்று, நடுவில் வேகமாக ஒன்று, அதன்பின் அன்றைய முக்கியப் பாட்டான மெயின். மெயினில்தான் ஆலாபனை, நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரிப்பது), ஸ்வரம் (ச ரி க ம என்றே பாடுவது), தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) எல்லாம் முழுசாக வரும். நேரமிருந்தால் ராகம் தானம் பல்லவி (ஒரு ராகத்தையும் ஒற்றை வரியையும் விரிவாகப் பாடுவது), கடைசியில் துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள், முடிவில் மங்களம். இந்த வரிசை மனதில் இருந்தால் தொலைந்துபோக மாட்டீர்கள்.

ராகப் பெயர் தெரியவில்லையே என்று கூச வேண்டாம். தெரிந்த ஒரு சினிமாப் பாட்டு நினைவுக்கு வருகிறதா பாருங்கள், வந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து தேடினால் கல்யாணியோ கரஹரப்ரியாவோ பிடிபட்டுவிடும். தாளத்துக்கு ஆதி தாளத்திலிருந்து ஆரம்பியுங்கள்: தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. எட்டு. இதைச் சத்தமில்லாமல் போடப் பழகினாலே பாடகர் எங்கே இழுத்துக்கொண்டுபோய் எந்த இடத்தில் வந்து விழுகிறார் என்பது உடம்புக்குத் தெரியும், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு வேறெதுவும் எனக்குத் தெரியாது.

தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கேன்டீனுக்குப் போகாதீர்கள். தயவுசெய்து. பாதி அரங்கம் அப்போதுதான் எழுந்திருக்கும், மிருதங்கக்காரர் அத்தனை முதுகுகளையும் பார்த்துக்கொண்டே வாசிப்பார், பார்க்கவே மனசு வலிக்கும். டிபனைக் கச்சேரிக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், ஒரு நாளாவது சபா கேன்டீன் வாழை இலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதுவும் சீசன்தான்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும். தேதி, சபா, பக்கவாத்தியம் யார், என்னென்ன ராகம், எது பிடித்தது, ஒரு வரி போதும். இரண்டாவது கச்சேரியிலிருந்து இதன் பலன் தெரியும். அதே பாடகர், வயலினில் வேறு ஒருவர், ஆலாபனையே வேறு மாதிரி போகும், ஏனென்றால் வயலின் திருப்பிக் கொடுப்பதைக் கேட்டுத்தான் அடுத்த சங்கதி பிறக்கிறது. பெரிய அரங்கில் அடக்கமாகப் பாடியவர் சின்ன அரங்கில் கட்டவிழ்ந்து பாடுவார். ஒரு நாள் தொண்டை கட்டியிருக்கும், மேல் ஸ்தாயியைத் தவிர்த்து நடு ஸ்தாயியிலேயே எப்படிச் சமாளிக்கிறார் என்று பாருங்கள். எனக்கு மிக நெருக்கமான கச்சேரிகளில் இரண்டு அப்படிப்பட்டவை. ஒருவரையே தொடர்ந்து கேட்பவருக்குத்தான் இதெல்லாம் கிடைக்கும்.

ஒரு சீசன் ஆனதும் குருவழியாக அகலப்படுத்துங்கள். ரஞ்சனி-காயத்ரி, அபிஷேக் ரகுராம் எல்லாரும் பி.எஸ்.நாராயணசுவாமியிடம் கற்றவர்கள், அவர் செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயரின் சிஷ்யர். பாம்பே ஜெயஸ்ரீயும் பாடகர் சாகேதராமனும் வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் வழி. உங்கள் பாடகரின் குருவின் பழைய பதிவைக் கேட்டுவிட்டு மறுபடி இவரைக் கேளுங்கள், ஒரு பிடி (ராகத்தின் ஒரு சின்னத் துண்டு), ஒரு கமகம் (ஸ்வரத்தின் அசைவு), அங்கிருந்து இங்கே வந்திருப்பது சட்டென்று தெரியும். அபிஷேக்கின் தாத்தா பாலக்காடு ரகு பெரிய மிருதங்க வித்வான் என்று தெரிந்தபின் பேரனின் தாளக் கணக்குகளை நான் கேட்கும் விதமே மாறிவிட்டது. ரஞ்சனியும் காயத்ரியும் வயலின் வாசித்துத் தொடங்கியவர்கள் என்பதும் அப்படித்தான்.

கச்சேரி நடக்கும்போது ரெக்கார்டு செய்யாதீர்கள், சபாக்கள் அனுமதிப்பதில்லை, போன் திரை வெளிச்சம் பின்னால் இருப்பவரையும் கெடுக்கும். மங்களம் முடிந்து திரை விழும்வரை இருங்கள். அப்புறம் மேடைப் பக்கம் கூட்டம் இருக்கும், தள்ளி நின்று காத்திருந்தால் வழி கிடைக்கும். செல்ஃபி கேட்பதற்கு முன்னால், "இன்றைக்கு அந்த நிரவல் பிடித்தது" என்று எந்த நிரவல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் வயலினை உறையில் வைத்துக்கொண்டிருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.