பெட்டி மேல் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள்: பசில் பிடித்த குழந்தைக்கு அடுத்த பசிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டில் இருக்கிற பசில்களை எல்லாம் குழந்தை மளமளவென்று அடுக்கி முடித்துவிடுகிறது. முடித்ததும் கலைத்துக் கொட்டிவிட்டு, "இன்னொண்ணு" என்று நிற்கிறது. அடுத்து என்ன வாங்குவது என்று தேடினால் நம் கண்ணில் படுவது பெட்டியின் மேல் அச்சடித்த துண்டுகளின் எண்ணிக்கை மட்டும்தான். 12 முடித்தாயிற்று, அப்படியானால் 24 என்று எடுத்துவிடுகிறோம். ஆனால் 24 துண்டுப் பசில் ஒன்றை இரண்டரை வயதுக் குழந்தை விளையாட்டாக முடித்துவிடும்; அதே 24 துண்டில் இன்னொன்று ஐந்து வயதுப் பிள்ளையையே திணறடிக்கும். கடினம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால், எந்தப் பசிலைக் கையில் எடுத்தாலும் இது நம் குழந்தைக்கு ஆகுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒன்றரை முதல் மூன்றரை வயது வரையிலான குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: சும்மா உட்கார்ந்து பாருங்கள்

எதையும் வாங்கும் முன், குழந்தை ஓரளவு திணறி முடிக்கிற பசில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். சொல்லித்தர வேண்டாம், கையை நீட்டவும் வேண்டாம். முடிக்கிறதா என்பதை விட, எப்படி முடிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பேருந்துப் படம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் கையில் சக்கரம் உள்ள துண்டு. பலகையில் இரண்டு சக்கரத்துக்கும் இடம் காலியாக இருக்கிறது. ஒரு குழந்தை அதைப் பின்சக்கரத்தின் இடத்தில் வைத்து அழுத்தும். உட்காராது. கொஞ்சம் திருப்பி மறுபடி அழுத்தும். அதுவும் ஆகாவிட்டால் அடுத்த பள்ளத்துக்கு நகர்த்தும். இது வடிவத்தை நம்பி அடுக்குகிற குழந்தை. இன்னொரு குழந்தை துண்டைக் கண்ணருகே கொண்டுவரும். சக்கரத்துக்கு மேலே கதவின் ஒரு கீற்று தெரிவதைப் பார்த்துவிட்டு, கதவு இருக்கும் பக்கமாக நேராகக் கொண்டுபோய் வைக்கும். இது படத்தைப் படிக்கிற குழந்தை. பெரும்பாலும் வடிவத்தில் தொடங்கித்தான் பிள்ளைகள் படத்துக்கு வருகிறார்கள். உங்கள் குழந்தை இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் அடுத்த தேர்வுக்கு அடிப்படை.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே துண்டில் தொடங்கி அதே வரிசையில் அடுக்குகிறதா? அப்படியானால் பலகையை அரைச் சுற்றுத் திருப்பி, படம் தலைகீழாகத் தெரியும்படி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். தடுமாறினால், அந்தப் பசில் மனப்பாடமாகிவிட்டது என்று பொருள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேகத்தை நம்பி ஒரேயடியாகப் பெரிய பசிலுக்குத் தாவ வேண்டாம்.

படி 2: பாதுகாப்பு

இங்கே சமரசம் கூடாது. இந்த வயதில் எல்லாமே வாய்க்குப் போகும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்காவில் சுமார் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடும் துண்டு தொண்டையில் சிக்கக்கூடியது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழலை வைத்துப் பார்க்கலாம். அது இன்னும் சற்று அகலமானது என்பதால், அதற்குள் போகாத துண்டு என்றால் கூடுதல் நிம்மதி.

சிவப்பு வட்டத்துக்குள் 0-3 என்று எழுதி, குறுக்கே கோடு போட்ட குழந்தை முகம் பெட்டியில் இருந்தால், மூன்று வயதுக்குள் அது வேண்டாம். "எங்கள் குழந்தை கெட்டிக்காரி, அதெல்லாம் முடித்துவிடுவாள்" என்று அந்தக் குறியைத் தாண்டிவிடுகிறார்கள். அது திறமையைச் சொல்லும் குறி அல்ல, ஆபத்தைச் சொல்வது. மரப் பசிலில் துண்டுகளைத் தூக்க வைத்திருக்கும் குமிழ்களைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். காந்தம் வைத்த பசில் என்றால் காந்தம் வெளியே வர வழியே இருக்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை வயிற்றுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும்.

படி 3: கடினம் எங்கே இருக்கிறது என்று படியுங்கள்

முதலில் வெட்டு. ஜிக்சா பசில் 1760களில் லண்டனில் பிறந்தது. ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் கற்றுத்தர விற்றார். அதில் ஒரு துண்டு ஒரு நாடு. வடிவமும் படமும் ஒன்றே. இன்றைக்கும் மீன் ஒரு துண்டு, படகு ஒரு துண்டு என்று உருவத்தின் வழியே வெட்டிய பசில்கள்தான் எளியவை. அதே மீனைக் கட்டம் கட்டமாக வெட்டினால் ஒரு துண்டில் கண்ணும் கொஞ்சம் தண்ணீரும், இன்னொன்றில் வாலின் பாதியும் வரும். எண்ணிக்கை கூடாமலே கடினம் பல மடங்கு ஏறிவிடும்.

அடுத்து தட்டு. சுற்றிலும் சட்டம் வைத்த தட்டில் அடுக்கும்போது எல்லை தெரிகிறது, துண்டுகள் நழுவுவதில்லை. தட்டின் அடியில் துண்டுகளின் கோடும் வரைந்திருந்தால் இன்னும் எளிது. தட்டே இல்லாமல் தரையில் அடுக்குவது தனி வித்தை. ஒரு துண்டைப் பொருத்தப் போனால் ஏற்கெனவே பொருத்தியது விலகிவிடும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்த வேண்டும். தலைக்குத் தெரிந்ததைக் கை செய்ய முடியாமல் அழும் குழந்தைகள் பெரும்பாலும் இங்கேதான் அழுகிறார்கள்.

மூன்றாவது படம். எட்டு துண்டிலும் எட்டு வெவ்வேறு நிறமோ பொருளோ இருந்தால் எளிது. பாதிப் படம் வெறும் நீல வானம் என்றால் கடினம். ஒரே மாதிரி இரண்டு சக்கரம், வரிசையாக ஐந்து வாத்து, கட்டம் போட்ட துணி என்று திரும்பத் திரும்ப வருவதும் அப்படித்தான். கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் மனதுக்குள் கட்டம் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் சொல்லிக் காட்ட ஏதாவது இருக்கிறதா?

படி 4: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏற்றுங்கள்

துண்டுகளைக் கூட்டினால் படம் எளிதாக இருக்கட்டும். தட்டை எடுத்துவிட்டால் எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும். பொதுவாகப் போகிற பாதை இது: குமிழ் வைத்த பலகை, குமிழ் இல்லாத பலகை, இரண்டு மூன்று துண்டு சேர்ந்தால் ஒரு படமாகும் சின்னப் பசில்கள், தட்டோடு 4, 6, 9, 12, பிறகு தட்டில்லாமல் 12, அதன்பின் பெரிய துண்டுகள் கொண்ட 24 துண்டுத் தரைப் பசில். வயதைப் பார்த்து இந்தப் பாதையில் ஓட வேண்டியதில்லை. ஒரு குழந்தை இரண்டு வயதில் தொடுவதை இன்னொன்று மூன்றரையில் தொடும்.

எனக்கு மிகவும் பிடித்தது பக்கவாட்டில் நகர்வது. வடிவத்தை நம்பும் குழந்தைக்கு நான்கு கட்டைகள் கொண்ட கனசதுரப் பசில் வாங்குங்கள். எல்லாக் கட்டையும் ஒரே சதுரம் என்பதால் வடிவம் எந்த உதவியும் செய்யாது. படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். கட்டைக்கு ஆறு முகம், ஆக ஆறு படம். தொடக்கத்தில் நீங்களே சரியான முகத்தை மேலே திருப்பி வைத்துக் கொடுங்கள். படத்தைப் படிக்கும் குழந்தைக்கு நேர்மாறாக, படமே இல்லாத, ஒரே நிறத்தில் முக்கோணமும் சதுரமுமாக இருக்கும் மரத் துண்டுகளைக் கோட்டுப் படத்துக்குள் நிரப்பும் பசில். ஒரே உருவத்தை அடுக்கடுக்காகப் பொருத்தும் பல அடுக்குப் பசிலும் நல்லது. எது முதலில், எது பிறகு என்று யோசிக்க வைக்கும்.

படி 5: தரத்தைக் கையால் சோதியுங்கள்

அட்டை தடிமனாக இருக்க வேண்டும். வளைத்தால் மடங்கக் கூடாது, எச்சில் பட்டால் அடுக்கடுக்காகப் பிரியும் மட்ட ரகம் வேண்டவே வேண்டாம். இதைவிட முக்கியம், தவறான துண்டு தவறான இடத்தில் உட்காரக் கூடாது. வெட்டு தொளதொளவென்றிருந்தால் எதுவும் எதிலும் பொருந்தும். "தப்பு" என்று பசிலே சொல்லாவிட்டால், நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிவரும். குழந்தைக்கு அது பிடிக்காது.

படி 6: புதுப் பசிலை அறிமுகப்படுத்துதல்

முதல் நாளே மொத்தத்தையும் கொட்டிவிடாதீர்கள். நீங்கள் அடுக்கி, முகமோ சக்கரமோ உள்ள இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். அடுத்த முறை இன்னும் இரண்டை எடுங்கள். ஓரத் துண்டுகளை முதலில் அடுக்குவது பெரியவர்களின் முறை. குழந்தைக்கு யானையின் கண்ணிலிருந்து தொடங்குவதுதான் இயல்பு.

இப்போது பேசலாம். "இங்கே வை" என்று விரல் காட்டுவதை விட, "கொஞ்சம் திருப்பிப் பாரு", "இது மூலைத் துண்டு", "தும்பிக்கைக்குப் பக்கத்துல என்ன வரும்?" என்று இடத்தையும் திசையையும் சொல்லும் பேச்சு உதவும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவின் குழுவினர் 53 குழந்தைகளை 26 முதல் 46 மாதம் வரை அவரவர் வீட்டிலேயே கவனித்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பசில் விளையாடிய குழந்தைகள் நாலரை வயதில், வடிவங்களை மனதுக்குள் நகர்த்தியும் திருப்பியும் பார்க்கும் சோதனையில் மற்றவர்களை விட நன்றாகச் செய்தார்கள். பசில்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பசிலின் கடினத்தோடு, பெற்றோர் காட்டிய ஈடுபாட்டையும் பயன்படுத்திய சொற்களையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படி 7: அளவு சரிதானா?

துண்டைத் திருப்பி, முனகி, வேறு இடம் தேடி, கடைசியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அளவு சரி. துண்டுகளை வீசினால், ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையைப் பிடித்து இழுத்தால், எடுத்து மேலே வைத்துவிட்டுச் சில வாரம் கழித்து இறக்குங்கள். ஒரு தடங்கலும் இல்லாமல் முடித்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பெட்டிப் படத்தை மறைத்துவிடுங்கள், தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டு பசிலை ஒன்றாகக் கலந்து கொட்டிப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். கலக்கும் முன் ஒரு பசிலின் துண்டுகளுக்குப் பின்னால் புள்ளியும், இன்னொன்றுக்குக் கோடும் போட்டுவிட்டால், இரவில் எடுத்து வைக்க எளிதாக இருக்கும்.