கேம்ல புதுப் பசங்களுக்கு சயா, அதான் சொல்லிக் குடுக்க ஒரு வாத்தியார், பிடிச்சுக் குடுக்கும்போது பண்ற தப்புங்க

போன திஞ்சான் லீவுல, அதான் பர்மா புத்தாண்டு லீவுல, எங்க தெருமுனை டீக்கடையில உக்காந்திருந்தேன், பக்கத்து டேபிள்ல நம்ம தமிழ்ப் பசங்க நாலு பேரு, அதுல ஒரு சின்னவன் மொபைல் லெஜென்ட்ஸ், அஞ்சுக்கு அஞ்சு பேரா மோதுற ஃபோன் கேம், புதுசா ஆரம்பிச்சிருக்கான் போல, லேன்ல, அதான் எதிரி கோட்டைக்குப் போற பாதையில, ரெண்டு தடவ செத்தான், உடனே பெரியவன் "குடுடா இங்க, நான் காட்டுறேன்"னு ஃபோனைப் பிடுங்கிட்டான். மிச்ச ஆட்டம் பூரா சின்னவன் கழுத்தை நீட்டி எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தான். எனக்கு மனசே சரியில்ல, ஏன்னா இதே வேலையை நானும் பண்ணியிருக்கேன், அதனால ஒரு பையன் ஆட்டத்தையே விட்டுட்டுப் போயிட்டான்.

ரங்கூன், தட்டோன், மோல்மேன்னு மூணு ஊர்ப் பசங்களுக்கு இப்ப நான்தான் சயா பார்த்து ஜோடி சேர்த்து விடுறேன். பர்மீஸ்ல வாத்தியாருக்கு சயான்னு சொல்றதால எங்களுக்குள்ளயும் அதே பேர் நின்னுருச்சு. திட்டாதே, மைக்ல கத்தாதே, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள நான் போகல.

ரேங்க் பார்த்து சயா போடுறது

2021 ஜனவரியில சிங்கப்பூர்ல மொபைல் லெஜென்ட்ஸோட எம்2 உலகப் போட்டி ஃபைனல் நடந்துச்சே, நம்ம பர்மீஸ் கூல்ஸ் டீம் ஏழாவது ஆட்டம் வரைக்கும் இழுத்துட்டுப் போய் 4-3ன்னு ப்ரென் டீம்கிட்ட தோத்தாங்க, அதைப் பார்த்துட்டு கேமுக்குள்ள வந்த பசங்க எங்க பக்கம் நெறைய. அவனுங்க எல்லாருக்கும் மித்திக் ரேங்க் (மாஸ்டர், எபிக், லெஜென்ட் எல்லாத்துக்கும் மேல) அண்ணன்தான் சயாவா வேணும். ஆனா மித்திக்ல இருக்கிறவன் வருஷக்கணக்கா ஜங்கிள் (காட்டுல மிருகங்களை அடிக்கிற வேலை) மட்டுமே ஆடியிருப்பான், நீங்க அவன்கிட்ட ரோம் (மேப் பூரா சுத்தி டீமுக்குக் காவல் நிக்கிற வேலை) ஆட வேண்டிய பையனைக் குடுக்குறீங்க. ரெண்டாவது நிமிஷம் டர்ட்டில்ங்கிற பெரிய மிருகம் வரும்போது ஜங்கிளரோட கண்ணு அதை அடிச்சு முடிக்கிற ரெட்ரிபியூஷன் பட்டன்மேலதான் இருக்கும், எந்தப் புதர்ல யார் ஒளிஞ்சிருக்கான்னு முன்னாடி போய்ப் பார்க்கிறது ரோமர் வேலை, அதை ஜங்கிளர் எப்படிச் சொல்லிக் குடுப்பான், அவனுக்கே அது தெரிய வேண்டிய அவசியம் இல்லாம போயிருச்சே. லெஜென்ட் ரேங்க்ல மூணு சீசனா டைக்ரியல்ங்கிற ரோம் ஹீரோவை ஆடுற பொறுமைசாலி கிடைச்சா அவன்கிட்ட விடுங்க.

பெரிய கேம்லயும் இந்தச் சிக்கல் இருக்கு. ஃபைனல் ஃபேன்டஸி 14ங்கிற ஆன்லைன் கேம்ல மென்டார்னு ஒரு கிரீடம் குடுக்குறாங்க, இத்தனை டஞ்சன் (கூட்டமா போய் முடிக்கிற சவால்) முடிச்சிருக்கணும், இத்தனை பாராட்டு வாங்கியிருக்கணும்னு கணக்கு வச்சுத்தான் குடுக்குறாங்க, அந்தக் கணக்குல அவன் எவ்வளவு ஆடியிருக்கான்னு தெரியும், சொல்லிக் குடுக்க வருமான்னு தெரியாது.

கரண்ட் கேக்காம ஜோடி போடுறது

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. ரங்கூன்ல கரண்ட் ஏரியா ஏரியாவா முறை வச்சு வருது. சயா வீட்ல கரண்ட் இருக்கிறப்ப பையன் வீட்ல இருக்காது, ஃபோன்ல சார்ஜ் இருந்தாலும் வைஃபை செத்திருக்கும். ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் "வரவே மாட்டேங்கிறான்"னு என்கிட்ட வந்து குறை சொன்னாங்க, ஒரு மாசம் கழிச்சுத்தான் ரெண்டு பேரோட முறையும் வேறன்னு எனக்கு உறைச்சுது. இப்பல்லாம் எந்த ஹீரோ ஆடுவேன்னு கேக்குறதுக்கு முன்னாடி எத்தன மணிக்கு கரண்ட் வரும்னுதான் கேக்குறேன். வேலைக்குப் போன அண்ணன்மாரையும் சேர்க்கலாம், தாய்லாந்து நம்மளவிட அரை மணி நேரம்தான் முன்னாடி, மலேசியா சிங்கப்பூர்னா ஒன்றரை மணி நேரம், நம்ம ஒன்பதரை அவங்களுக்குப் பதினொண்ணு, காலையில ஷிஃப்ட்டுக்குப் போறவனை அதுக்கு மேல உக்கார வைக்காதீங்க.

ஐடி வாங்கி ஆடிக் குடுக்கிறது

இதை மட்டும் இன்னைக்கும் என்னால தாங்க முடியல.

என் மாமா பையன், தட்டோன்ல இருந்தான், மாஸ்டர் ரேங்க். லேலா, மியான்னு தூரத்துல இருந்து சுடுற மார்க்ஸ்மேன் ஹீரோ ரெண்டுதான் உருப்படியா ஆடுவான். கூட்டாளிங்க எல்லாம் மேல போயிட்டாங்க மச்சான், எனக்கு வெக்கமா இருக்குன்னு சொன்னான். நானும் பாசத்துல ஐடி பாஸ்வேர்ட் வாங்கி, ரெண்டு வாரம் ராத்திரி முழிச்சு ஆடி லெஜென்டுக்கு ஏத்திக் குடுத்தேன், அவன் சந்தோஷத்துல குதிச்சான், நானும் ஏதோ பெரிய உதவி பண்ணிட்டதா நெனச்சேன். எபிக்ல இருந்து ரெண்டு டீமும் மாத்தி மாத்தி ஹீரோ எடுக்கிற டிராஃப்ட் பிக் ஆரம்பிச்சிரும், எந்த ஹீரோவை பேன் பண்ணணும் (யாரும் எடுக்க விடாம தடுக்கணும்), எதிரி எடுத்ததுக்கு எதை எடுக்கணும்னு முறை இருக்கு, அவன் வாழ்க்கையில பேன் பண்ணினதே கிடையாது. மொத ஆட்டத்துல டீம்ல வேற ஒருத்தன் மார்க்ஸ்மேன் எடுத்துட்டான், இவனை ரோம் போகச் சொன்னாங்க, இவன்கிட்ட அடி தாங்குற டேங்க் ஹீரோவே இல்ல, ரெண்டாவது மார்க்ஸ்மேனா லேலாவைத் தூக்கிட்டுப் போய் நின்னான். பதினோரு தடவ செத்தான். டீம்ல நாலு பேரும் ரிப்போர்ட் அடிச்சாங்க. அடுத்தடுத்து எட்டு ஆட்டம் தோல்வி, கடைசி ரெண்டுல பாதியிலேயே ஃபோனைக் கீழ வச்சிட்டான், ஒழுங்கா ஆடுறோமான்னு கேம் வச்சிருக்கிற கிரெடிட் ஸ்கோர் எறங்கிப் போய் ரேங்க் ஆடவே விடாம பூட்டிருச்சு. அப்புறம் கேமையே அழிச்சிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கோபமா பேசல, அதுதான் இன்னும் குத்துது.

அவனுக்கு மாஸ்டர்ல கிடைக்க வேண்டிய நூறு தோல்வியை நான் திருடிட்டேன். அந்த நூறுலதான் மேப்பைப் பார்க்கிற பழக்கம் வரும். இதுல பாஸ்வேர்ட் விஷயம் வேற, கேமோட விதிப்படியே ஐடியைக் கை மாத்தக் கூடாது, சயா நல்லவனா இருந்தாலும் அவன் ஃபோன் தொலைஞ்சா பையனோட ஐடியும் சேர்ந்து போச்சு.

அதனால எங்ககிட்ட இப்ப ஒரே சட்டம், சயாவோட விரல் பையன் ஃபோன்ல படக்கூடாது. கஸ்டம் ரூம் போட்டு ஏஐ எதிரிங்களோட ஆட விட்டு சயா கூட நிக்கட்டும். அப்புறம் பையன் தனியா ரேங்க் ஆடட்டும், தோத்த ஆட்டத்தோட ரீப்ளேயை ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. ஒரு சாவுல நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்க, "இந்த நேரத்துல மேப்ல எதிரி எத்தன பேர் தெரிஞ்சாங்க?" ரெண்டு பேர்தான் தெரிஞ்சாங்கன்னு அவன் வாயாலயே வரும், மிச்ச மூணு பேர் எங்கன்னு அவனே யோசிப்பான். ஒரு நாளைக்கு ஒரு சாவு போதும்.

தன் ரேங்க் ஆட்டத்துக்கு இழுத்துட்டுப் போறது

ரேங்க் வித்தியாசம் ரொம்ப இருந்தா கேமே விடாது. ரேங்க் ஏறாத கிளாசிக் ஆட்டத்துல விடும், ஆனா எதிர்ல வர்றவன் சயா லெவலுக்கு வருவான், பையன் சாவான்.

ஒரு சயாவுக்கு அஞ்சு பேர்

வேண்டாம். ரெண்டு பேருக்கு மேல போனா ஒருத்தன் பேரு மறந்துரும்.

ஒருத்தனை மட்டுமே நம்பி விடுறது

ஈவ் ஆன்லைன்ங்கிற விண்வெளிக் கேம்ல ஈவ் யுனிவர்சிட்டின்னு பிளேயருங்களே 2004ல ஆரம்பிச்ச கூட்டம் ஒண்ணு இருக்கு, இன்னும் ஓடுது. அங்க ஒருத்தர் தலைமேல எல்லாத்தையும் கட்டல, ஒவ்வொரு பாடத்துக்கும் வேற வேற ஆள் வந்து வகுப்பு எடுக்குறாங்க. எங்கள மாதிரி சின்னக் கூட்டத்துக்கு அவ்வளவு முடியாது, ஆனா மாசத்துல ஒரு தடவையாவது பையனை வேற சயாகூட ஆட விடுங்க.

சயா முன்னாடியே "எப்படி இருக்கு"ன்னு கேக்குறது

பையன் தலையாட்டுவான், நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான், நம்ம வீட்ல பெரியவங்க முன்னாடி வேற என்ன சொல்லி வளர்த்திருக்கோம். தனியா கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்துக் கேளுங்க. அப்பவும் பேசலன்னா, கடைசியா அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினது என்னைக்குன்னு மட்டும் கேளுங்க.